அமாவாசைப் பரமபதம்

ஆரணியில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு நெசவுக்காரப் பெண், பக்கத்தில் நின்ற அம்மாளிடம் ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

“நேத்து எங்க வூட்டுக்காரரு தொண்ணூத்தெட்டுலேர்ந்து மூணுக்கு வுழுந்துட்டாருக்கா!”

“எங்கடி வுழுந்தாரு?”

“பரமபதத்துலக்கா! அமாவாசைக்குத் தறி ஓடாதே, புள்ளைங்களுக்கு சாமி பக்தி வரட்டும்னு பழைய காலண்டர் பின்னாடி நானே வரைஞ்சேன். வெளக்கு ஏத்துனா ஏணி, பொய் சொன்னா பாம்பு.”

“அவரு இன்னா பொய் சொன்னாரு?”

“பெரிய பாம்பு மேல எம் பொண்ணு எழுதி வச்சிருக்கா, ‘நாளைக்கே தறியிலேர்ந்து புடவைய அறுத்துத் தரேன்’னு. மொதலாளிகிட்ட அவரு தெனம் சொல்றதுக்கா அது! நெஜத்த சொல்லுன்னு புள்ளைங்க வுடல. இன்னிக்குக் காலையிலயே போயி, ‘இன்னும் பாதி கூட நெய்யல’ன்னு சொல்லிட்டு வந்துட்டாரு!”

“அய்யய்யோ! மொதலாளி?”

“‘தெரியும்பா’ன்னாராம்.”

“சரி, வைகுண்டத்துக்கு மொதல்ல யாருடி போனது?”

“நான்தான்.”

அவள் குரலைத் தாழ்த்தினாள். நான் ஓர் அடி முன்னால் நகர்ந்தேன்.

“எனக்கும் அதே பாம்புதான்க்கா வந்துச்சு. அல்லாரும் அவரப் பாத்து சிரிச்சிகினு இருந்தாங்க. காய ஒரு கட்டம் தள்ளி வச்சுட்டேன்.”