அன்றாடப் பயன்பாட்டுக்கு ஏற்றது

கோப்புகளைச் சேமிக்கிற கையடக்க எஸ்.எஸ்.டி. டிரைவ் வாங்குகிறவர்கள் முதலில் வேகத்தைத்தான் கேட்பார்கள். நான் சூட்டைப் பார்ப்பேன். முதல் சில நிமிடங்கள் எல்லா டிரைவும் பறக்கும். உடம்பு சுட ஆரம்பித்த பிறகு எப்படி ஓடுகிறது என்பதில்தான் விஷயம். பதினோரு வருடமாக மாத இதழில் இதைத்தான் எழுதுகிறேன், தம்பி. இந்த டிரைவைச் செய்கிற உங்கள் கம்பெனிமேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. தீப்பெட்டி அளவு, சட்டைப் பையில் இருப்பதே தெரியாது, கேபிள்தான் கொஞ்சம் குட்டை. நல்ல பொருள்.

"சார், டிரைவ்ல ஒரு பழுதும் இல்ல. கீழே விழுந்ததால எதுவும் போகல. யாரோ மொத்தமா அழிச்சிருக்காங்க" என்கிறீர்கள், நான் திருப்பி அனுப்பியதைச் சோதித்துப் பார்த்துவிட்டு. பதினேழாம் தேதி, காலை பதினொன்று இருபது என்று நேரத்தையும் சொல்கிறீர்கள். டிரைவ் இதையெல்லாம் குறித்து வைத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. மதிப்புரையில் சேர்த்திருக்க வேண்டிய அம்சம்.

அந்த நேரத்தில் என் மனைவி ஆபரேஷன் தியேட்டரில் இருந்தாள். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற டீச்சர். தொண்டையில் கட்டி, குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்றுவிட்டார்கள். "குரல் இருக்கும்போதே நிறையப் பேசிப் பதிவு பண்ணிக் கொண்டாங்க. அப்புறம் நீங்க போன்ல அடிச்சா, உங்க குரல்லயே அது பேசும்" என்றார் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா. மூன்று வாரம், துணி அலமாரி இருக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். துணி இருந்தால் எதிரொலிக்காது என்று சொல்லிக்கொடுத்தவனே நான்தான். ஆயிரத்து அறுநூறு வாக்கியங்கள்.

லேப்டாப் பழசு, நம்ப முடியாது. உங்கள் டிரைவ் அப்போதுதான் பரிசோதனைக்கு வந்திருந்தது. அன்றாடப் பயன்பாட்டைச் சோதிக்க நிஜமான கோப்புகள் வேண்டும் அல்லவா? எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன்.

"இது தாங்குமாங்க?" என்று கேட்டாள்.

"மாடியிலேருந்து போட்டாலும் ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அவள் தங்கை ஒரு பென்டிரைவில் தனியாக நகல் வைத்திருந்தாள். எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று அதையும் வாங்கிக்கொண்டேன். "மாமா, என்கிட்ட அக்கா குரல் இதுல மட்டுந்தான் இருக்கு. பத்திரம்" என்று சொல்லித்தான் கொடுத்தாள். அந்த நிமிடம்வரை என் மனதில் எந்தத் திட்டமும் கிடையாது. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

ஆபரேஷன் நாலு மணி நேரம் ஆகும் என்றார்கள். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று காத்திருப்பு அறையில் லேப்டாப்பைத் திறந்து, பதிவுகள் சரியாக வந்திருக்கின்றனவா என்று கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலானவை மருத்துவமனை கொடுத்த வாக்கியங்கள். கடைசியில் 'அன்றாடம்' என்று ஒரு கோப்புறை. அவளாக யோசித்து, தனக்குத் தேவைப்படும் என்று பேசி வைத்தவை. "தண்ணி வேணும்." "ஜன்னலைத் திறந்து விடுங்க." "மாத்திரை போட்டுட்டேன்." அதற்கடுத்து, அதே குரலில், "கையை விடுங்க, வலிக்குது." "இல்ல டாக்டர், நான் படியில விழல." "வெளியில பூட்டிட்டுப் போயிட்டார், யாராவது கதவைத் திறங்க." "தங்கச்சி, என்னை இங்கேருந்து கூட்டிட்டுப் போயிடு."

ஒவ்வொன்றையும் மூன்று தடவை சொல்லியிருந்தாள். மெதுவாக, சாதாரணமாக, சத்தமாக.

என் இடத்தில் நின்று பாருங்கள். குடும்பம் என்றால் நாலும் இருக்கும். கோபத்தில் ஒரு வார்த்தை வரும், காற்றோடு போகும். இது அப்படியா? ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், யார் முன்னாலும் பேசும். அதனிடம் சமாதானம் பேச முடியாது. என்னால் வேறு என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்?

அந்த ஒரு கோப்புறையை மட்டும் நீக்கியிருக்கலாமே என்பீர்கள். யோசித்தேன். ஆனால் மிச்சமிருக்கிற குரலை வைத்து எந்த வாக்கியத்தையும் உண்டாக்கிவிடுவார்கள். அதனால் மொத்தமாக. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த விஷயத்தில் உங்கள் டிரைவ் அபார வேகம். பென்டிரைவும் பையில்தான் இருந்தது. பிறகு டாக்டர் வெளியே வந்து, "நல்லபடியா முடிஞ்சுது" என்றார். நான் அழுதுவிட்டேன். அது வேஷம் இல்லை.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, மேஜை உயரத்திலிருந்து டிரைவை மூன்று தடவை கீழே போட்டேன். மூன்றாவது தடவை தரவு போய்விட்டது என்று இதழுக்கு எழுதினேன். உங்கள் கம்பெனிக்கு நான் செய்த தப்பு அது. திருத்தம் போடச் சொல்கிறேன்.

கீழே விழுந்து பதிவெல்லாம் போய்விட்டது என்று அவளிடம் சொன்னபோது டிரைவைக் கையில் வாங்கி, காதருகே வைத்துப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். மூச்சுக்காகக் கழுத்தில் போட்ட துளை வழியே காற்றுதான் வந்தது.

அவளை நான் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். ஆபரேஷனில் கழுத்து நரம்பைத் தொட்டதில் வலது தோள் தூக்க வரவில்லை, எழுத முடியாது. திரை வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது என்று போனை நான் வைத்துக்கொண்டேன். தங்கை வந்தால், அக்கா கையசைத்துச் சொல்வதற்கெல்லாம் நான்தான் அர்த்தம் சொல்கிறேன். "ஏன் மாமா அக்கா அழுதுட்டே இருக்கா?" என்பாள். வலி என்று சொல்வேன்.

உள்ளே தட்டுகிற சத்தமா? அவள்தான். யாராவது வந்தால் அப்படித் தட்டுவாள். நீங்கள் உட்காருங்கள், கதவு பூட்டித்தான் இருக்கிறது.

எங்களுக்குள் இப்போது ஒரு சச்சரவும் கிடையாது, தம்பி. ஆபரேஷன் முடிந்து நாலு மாதமாகிறது. இதுவரை என்னைப் பற்றி அவள் ஒரு குறை சொன்னதில்லை.