மணற்காட்டுக்கு வாசல் இல்லை

கொக்குவிலில் ரயில் ஏறிய ஒருவரும் அவருடைய தங்கையும் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் அவள், "மணற்காட்டுக்கு வாசல் இல்லைத்தானே அண்ணை?" என்று கேட்டாள். நான் பத்திரிகையைத் தாழ்த்தினேன்.

"இல்லை. அதாலைதான் அங்கை போவம் எண்டனான். கிறிஸ்தவ வேதக்காரியைக் கட்டினவன் என்ரை வாசல் மிதிக்கக் கூடாது எண்டுதானே அப்பு தம்பிக்குச் சொன்னவர்? கடற்கரை மணல்மேட்டிலை ஆர் தடுக்கிறது?"

"சின்னண்ணை மலாயாவிலையிருந்து வந்த உடனை எல்லாரும் போவம். நான் கட்டுச்சோறும் பனங்காய்ப் பணியாரமும் கொண்டு வாறன். பிள்ளையள் மேட்டிலையிருந்து உருண்டு விளையாடட்டும். அண்ணியின்ரை முகத்தை நான் இன்னும் காணேல்லை!" அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பிறகு தகப்பனின் நினைவு வந்ததும் அவள் குரல் இறங்கியது. "அப்புவுக்குத் தெரிஞ்சால்?"

"தெரியும். நேற்று வண்டில்காரன் சொன்னவன். அப்பு தானே போய் வண்டில் பேசினவராம்."

"அப்ப அவரும் வாறாரோ?"

"ஓம். பேரப்பிள்ளையள் இருக்கிற வண்டில், வைக்கோலை மெத்தையாப் போடு எண்டும் சொன்னவராம்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவே இல்லை.