அடுத்த அறையில் ஓடிய லாரி

முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். என் இயற்பெயரைச் சொன்னால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. 'சிவப்பு மை' என்று கேட்டால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். மாணவர்கள் வைத்த பெயர். பிழையைக் கண்டால் வட்டமிடாமல் இருக்க என்னால் இயலாது. மருந்துக் கடைச் சீட்டானாலும் சரி, யாரேனும் தரும் அழைப்பிதழானாலும் சரி, கை தானாகவே சட்டைப் பையிலுள்ள பேனாவுக்குப் போய்விடும். காலை ஐந்தரை மணிக்கு எழுவேன். மணி அடித்தால் இருந்த இடத்திலிருந்து எழுந்து நிற்பேன். ஓய்வு பெற்றபின்னும் இவ்வழக்கங்கள் என்னை விட்டு நீங்கவில்லை.

அதிகாரி அவர்களே, நான்கு மாதங்களுக்கு முன் என் அண்ணன் இறந்தது குறித்துத் தாங்கள் எழுதிய அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. 'இறந்தவர் அழைத்தது அடுத்த அறையில் இருந்த தம்பிக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை' என்பது அவ்வாக்கியம். அதை வட்டமிடுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் அண்ணன் நெடுந்தூரப் பேருந்து ஓட்டியவர். பக்கவாதம் இரண்டாம் முறை தாக்கியபோது இடக்கை விரல்கள் மூன்றையும் வாயையும் மட்டும் அவருக்கு விட்டுவைத்தது. குரல் மட்டும் கடைசி இருக்கைக்காரனை அதட்டிய அதே குரலாக இருந்தது. அண்ணியார் முன்னரே காலமாகிவிட்டார். ஒரே மகளுக்கு வேலை வேற்றூரில். நான் மணம் செய்துகொள்ளாதவன். ஆகையால் அவரைப் பார்த்துக்கொள்வது யார் என்று எவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் எவரையும் கேட்கவில்லை. ஆறு ஆண்டுகள் அப்படியே கழிந்தன.

"தம்பி, தலகாணி."

"தம்பி, இன்னும் கொஞ்சம் மேல."

"தம்பி, அந்த ஈ போயிடுச்சுன்னு நெனச்சேன். போகலடா. மூக்கு மேல உக்காந்து குடும்பம் நடத்துது."

ஒரு நாள் காலை முதல் இரவு வரை எண்ணிப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டு முறை அழைத்தார். அவற்றில் ஒன்றுகூடத் தேவையற்ற அழைப்பன்று. அதுதான் சோர்வு தந்தது. தேவையற்றதாக ஒன்றேனும் இருந்திருந்தால் அதற்குக் கோபித்துக்கொண்டிருக்கலாம்.

அண்ணன் மகள் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வருவாள். அப்படி வந்தபோது ஒருமுறை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, உங்களுக்குன்னு ஏதாச்சும் ஒண்ணு வேணும். பாட்டு கேளுங்க, கேம் ஆடுங்க, எதையாவது பண்ணுங்க. இப்படியே இருந்தா நீங்களும் படுத்துடுவீங்க" என்றாள். தன் அலுவலகத்துத் தோழர் ஒருவர் லாரி ஓட்டும் விளையாட்டு ஆடுவதைக் கைப்பேசியில் காட்டினாள். மழை பெய்யும் சாலை, இருபுறமும் மரங்கள், எவரும் எவரையும் அழைக்கவில்லை. மருந்துக் கடைக்கு அப்பால் ஆறு ஆண்டுகளாகச் செல்லாத எனக்கு அச்சாலை பிடித்துப்போயிற்று. நல்ல மடிக்கணினி ஒன்றைத் தானே வாங்கித் தருவதாகவும், ஆனால் விலை மலிவான வகையில்தான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள்.

நான் எதையும் முறையாகச் செய்பவன். கோடு போட்ட குறிப்பேடு ஒன்றில் ஏழு மடிக்கணினிகளின் பெயர்களை எழுதி, வாங்கியவர்கள் இணையத்தில் எழுதிய மதிப்புரைகளை விடைத்தாள் திருத்துவதுபோல் படித்தேன். மலிவான விளையாட்டுக் கணினி எதுவானாலும் எங்கேனும் கைவைத்திருப்பார்கள் என்பது விரைவிலேயே விளங்கிற்று. ஒன்றில் திரை வெளுத்திருக்கும். மற்றொன்றில் மூடித் திறக்கும் கீல் ஓராண்டில் விரியும். நான்காவதாக எழுதியிருந்த கணினியில் கிராஃபிக்ஸ் நன்று, நினைவகம் போதுமானது, திரையும் குறைசொல்ல முடியாதது. ஆனால் சூடு தணிக்கும் விசிறிகள் மட்டமானவை. எல்லோரும் அச்சத்தத்தைப் பற்றியே புலம்பியிருந்தார்கள். 'காதுக்குள் மிக்ஸி ஓடுகிறது' என்றார் ஒருவர். 'கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகாது. பக்கத்து அறையில் அழுதாலும் கேட்காது' என்று எழுதியிருந்தார் இன்னொருவர்.

அந்த வரியை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அதன்கீழ்ச் சிவப்பு மையால் கோடிட்டேன். குறிப்பேட்டை இத்துடன் இணைத்துள்ளேன். பதினோராம் பக்கம்.

கடைக்கு அண்ணன் மகளும் நானும் சென்றோம். விற்பனைப் பெண் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "பேரனுக்கா அங்கிள்?" என்றாள்.

"எனக்கு."

"சூப்பர் அங்கிள். என்ன கேம்?"

"லாரி."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நான் கேட்ட கணினியை எடுத்துவந்தாள். நேர்மையான பெண். "இதுல ஒரே ஒரு குறை, சத்தம். சார்ஜர் போட்டு ஃபுல் ஸ்பீடுல ஓட்டினீங்கன்னா பக்கத்துல ஆள் கூப்பிட்டாக்கூடக் கேக்காது. வேணும்னா அமைதியா ஓடுற மாடல் ஒண்ணு இருக்கு, காட்டட்டுமா?"

"வேண்டாம். இதையே கட்டிக் கொடுங்கள்."

"யார் என்ன சொன்னாலும் சித்தப்பா ஒரு தடவ முடிவு பண்ணிட்டா அவ்வளவுதான்" என்று அண்ணன் மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பற்றிப் பின்னர் எழுத வேண்டியிருக்கிறது.

அக்கணினியோடு வாழ்வது ஒரு நோயாளியோடு வாழ்வதைப் போன்றதே. அதன் சார்ஜர் செங்கல் கனம். காற்றுப் போவதற்காகப் பின்புறத்தில் இரண்டு புட்டி மூடிகளை முட்டுக்கொடுத்து உயர்த்த வேண்டும். விசைப்பலகையின் இடப்பக்கம் சுடும். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை விசிறித் துளைகளைத் தூரிகையால் துடைக்காவிடில் மூச்சு முட்டிப் படம் தடுமாறும். இன்னொன்றையும் தாங்கள் அறிந்திருக்க வேண்டும். அன்று தாங்கள் அறிந்திருக்கவில்லை. சார்ஜரைக் கழற்றிவிட்டால் அது வேறு பிராணி. பேட்டரியில் ஐம்பது நிமிடமே உயிர் இருக்கும். தன் வலிமையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும். லாரி நடக்கும் வேகத்தில் ஊரும். விசிறிகள் அநேகமாக நின்றேவிடும். சத்தம் என்பதே இராது.

முதலில் அதை அண்ணன் அறையில்தான் வைத்திருந்தேன். அவருக்குத் திரை தெரியுமாறு கட்டிலருகே மேசையைப் போட்டேன். அந்த மூன்று வாரங்களும் அவர் மகிழ்ச்சியாக இருந்தார் என்பதை மறைக்க மாட்டேன்.

"டேய் வாத்தி, வளைவுல யாராவது பிரேக்க மிதிப்பானா? முன்னாடியே மிதிச்சுட்டு வளைவுல விடணும்டா."

"சரி அண்ணா."

"என்ன சரி? சரக்கு போட்டவன் கதி என்னாகும்? நீ ஓட்டுற லாரிக்கு முன்னாடி ஒரு ஆம்புலன்ஸ், பின்னாடி ஒரு ஆம்புலன்ஸ் அனுப்பணும்."

பிறகு கணினியை என் அறைக்கு மாற்றினேன். அதன் வெப்பம் நோயாளிக்கு ஆகாது என்று அண்ணன் மகளிடம் காரணம் சொன்னேன். உண்மை வேறு. அவர் அறையில் ஆடினால் விசிறிச் சத்தத்தையும் மீறி அவர் குரல் கேட்டது. நான் மேசையைத் தூக்கிச் செல்கையில், "ஏன்டா, என் வண்டிய எங்கடா கொண்டுபோற?" என்று கேட்டார்.

அடுத்த முறை வந்த அண்ணன் மகள், கம்பியில்லா அழைப்பு மணி ஒன்றை வாங்கிப் பொருத்தினாள். பொத்தான் அண்ணனின் இடக்கை விரல்களின் கீழ். மணி என் அறைச் சுவரிலுள்ள மின்செருகியில். ஒலிப்பதோடு விளக்கும் மினுங்கும். எத்தனை சத்தத்திலும் விளக்குத் தெரிந்தது. மணி அடித்தால் நான் எழுவேன் என்று முன்னரே எழுதியிருக்கிறேன். நான்கு மாதங்கள் ஒருமுறைகூடத் தவறாமல் எழுந்தேன்.

அந்த வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை எங்கள் பகுதியில் மின்சாரம் நிறுத்தப்படும் என்று இரு நாட்களுக்கு முன்பே குறுஞ்செய்தி வந்திருந்தது. மின்சாரம் இல்லையேல் அழைப்பு மணி இல்லை. ஆதலின் அத்தகைய நேரங்களில் அண்ணனின் அறையில் நாற்காலி போட்டு அமர்வது என் வழக்கம். அன்று நாற்காலி போடவில்லை.

ஒன்றரை மணிக்குக் கஞ்சி கொடுத்தேன். உண்டபின் ஒரு மணி நேரம் கட்டிலின் தலைப்பக்கம் உயர்ந்தே இருக்க வேண்டும். இல்லையேல் உண்டது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் என்பது மருத்துவரின் கண்டிப்பான கட்டளை. "முதுகு வலிக்குதுடா, கொஞ்சம் கீழ இறக்கி விடு" என்றார் அண்ணன். இதை அவர் நாள்தோறும் கேட்பார். நாள்தோறும் மறுப்பேன். அன்று கைப்பிடியைச் சுழற்றித் தாழ்த்திவிட்டேன். அவர் சொன்னதைத்தான் செய்தேன் என்று நான்கு மாதங்களாக எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன்.

என் அறைக்குச் சென்று லாரியை எடுத்தேன். மரத்தடிகள் ஏற்றிய லாரி. இரண்டு மணிக்கு மின்சாரம் நின்றது. மேலே சுழன்ற விசிறி நின்றது. கணினியின் விசிறிகளும் அடங்கின. ஆறு ஆண்டுகளில் அவ்வீட்டில் அப்படியோர் அமைதியை நான் கேட்டதில்லை.

"தம்பி" என்றார் அண்ணன்.

பின்னர் இருமினார். மீண்டும் அழைத்தார். காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். லாரியைச் சாலையோரம் ஒதுக்கி நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டு, இயந்திரத்தையும் அணைத்தேன். நன்றாகக் கேட்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

தலையணைக்காக அழைக்கும் குரலையும் தண்ணீருக்காக அழைக்கும் குரலையும் சுவருக்கு அப்பாலிருந்தே பிரித்தறியக்கூடியவன் நான். அது அவ்விரண்டும் அன்று என்பது மூன்றாம் அழைப்பிலேயே தெரிந்துவிட்டது. வருகைப் பதிவேடு எடுத்துப் பழகியவனாதலால் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது முறை. முதலில் 'தம்பி'. பிறகு 'டேய் வாத்தி'. கடைசியில், லாரியின் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை என்று எண்ணியிருப்பார் போலும், "வண்டிய நிறுத்துடா, வண்டிய நிறுத்து" என்றார்.

வண்டி அப்போது நின்றுகொண்டுதான் இருந்தது.

பேட்டரி தீர்ந்து திரை அணைந்தது. நான் அதன்முன் அமர்ந்திருந்தேன். சொன்ன நேரத்துக்கு வெகுமுன்பே, மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, மின்சாரம் வந்துவிட்டது. மின்சாரம் வந்ததும் அவ்வழைப்பு மணி யாரும் அழுத்தாமலே தானாக ஒருமுறை ஒலிக்கும். அதன் இயல்பு அது. மணி அடித்தது. எழுந்து சென்றேன்.

கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினேன். விரல்களின் கீழிருந்த பொத்தானை எடுத்துத் தரையில் போட்டேன். மணியை அவர் அழுத்த இயலாமற் போனதற்கு ஒரு காரணம் வேண்டுமே. அதன்பின் மருத்துவரை அழைத்தேன்.

மருத்துவர் தகவல் சொல்ல, மறுநாள் தாங்கள் வந்து நடத்திய சோதனை நினைவிருக்கும். கணினியைத் தங்கள் முன் வைத்து, சார்ஜரை நானே செருகிக் கொடுத்தேன். தாங்கள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு லாரியை ஓட்டினீர்கள். அண்ணன் அறையிலிருந்து தங்களுடன் வந்த காவலர் பலமுறை உரக்கக் கத்தியதாகப் பின்னர்ச் சொன்னார். தங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. லாரி பள்ளத்தில் கவிழ்ந்தபோது, "எப்படி சார் இத ஓட்டுறீங்க?" என்று சிரித்தீர்கள். முந்தைய நாள் பிற்பகல் மின்சாரம் இருந்ததா என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று சில நாட்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு தெரிந்தும் நான் வாய்மூடி இருந்திருக்கக்கூடும். சென்ற ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் வந்தாள். முகம் பாதியாகியிருந்தது. வேலைக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாளாம். தட்டில் வைத்த சோற்றைத் தொடவில்லை. என் அறை வாயிலில் நின்று கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா, சத்தம் வரும்னு அந்தக் கடைக்காரப் பொண்ணு அப்பவே சொல்லுச்சு. நான் சிரிச்சேன். நான் எதுக்கு சித்தப்பா சிரிச்சேன்?"

"நீ என்னம்மா செய்வாய்? எந்திரம் அப்படி."

"நான்தானே வாங்கிக் குடுத்தேன். அப்பா கத்துனது உங்களுக்குக் கேக்காமப் போச்சுல்ல, அது என்னாலதான். நான் அப்பாவக் கொன்னுட்டேன் சித்தப்பா."

நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன். "அப்படியெல்லாம் பேசாதேம்மா" என்றேன். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் தடவத் தடவ அவள் அழுகை தணிந்ததைப் பார்த்தேன். அன்றுதான், எனக்குப் பிறர் துயரம் எளிதாகத் தாங்கக்கூடியதாகிவிட்டது என்பதை அறிந்தேன்.

இதைப் படிக்கும் தாங்கள், ஆறு ஆண்டுகள் உழைத்துச் சோர்ந்த கிழவன் என்று இரங்கி ஏதேனும் எழுத முற்படலாம். வேண்டாம். சோர்ந்திருந்தேன் என்பது உண்மை. ஆனால் சோர்ந்தவன் உறங்கிவிடுவான். நான் விழித்திருந்து எண்ணினேன்.

அண்ணன் மகளுக்கு இதன் படியொன்றை இன்று அஞ்சலில் சேர்த்துவிட்டேன். வீட்டுச் சாவியை எதிர்வீட்டுத் தையற்காரரிடம் கொடுக்கப்போகிறேன். நாளைக் காலை பத்து மணிக்குக் கணினியை எடுத்துக்கொண்டு தங்கள் நிலையத்துக்கு வருவேன். தாங்கள் மீண்டும் லாரியை ஓட்டிப் பாருங்கள். காவலரை அடுத்த அறையிலிருந்து ஒரேயொரு முறை, மெதுவாக, அழைக்கச் சொல்லுங்கள்.

சார்ஜரை நான் கொண்டுவரப் போவதில்லை.