செம்புப் பட்டை

கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக்கூடாது என்பது அந்தக் காலத்து வழக்கம். தூசி படுமாம். ஊருக்கெல்லாம் செருப்புத் தோல் பதனிடுகிற ஆம்பூர் கம்பெனியிலும் அப்படித்தான். வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போவார்கள். சர்வீஸுக்கு வருகிறவன் என்பதால் என்னை மட்டும் யாரும் தடுத்ததில்லை. என் காலில் எப்போதும் ரப்பர் செருப்பு இருக்கும்.

தொண்ணூற்றெட்டில் அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டர் நேரங்காலம் இல்லாமல் ஹேங் ஆகத் தொடங்கியது. மூன்று மாதம் வேலூரிலிருந்து பஸ் ஏறிப் போய் ரேமை மாற்றினேன், ஹார்டு டிஸ்க்கை மாற்றினேன், கடைசியில் போர்டையே மாற்றினேன். ஒரு பாகத்தை மாற்றிவிட்டுக் காத்திருந்து பார்ப்பதுதான் இந்தத் தொழில். அதற்குப் பொறுமை வேண்டும். எனக்கு உண்டு.

அந்தக் கம்ப்யூட்டரில் டைப் செய்கிற தில்ஷாத்துக்கு இருபத்திரண்டு வயது. பொறுமை கிடையாது. ஒருநாள் மேனேஜர் முக்தார் அகமது முன்னால் சொன்னாள்: "பக்கத்து ஹால்ல பஃபிங் மிஷின் ஓடும்போது மட்டும்தான் சார் ஹேங் ஆவுது. பொட்டியத் தொட்டா சுர்ருங்குது. எர்த் சரியில்ல போல."

முக்தார் பாய் சிரித்தார். "இன்னா ஜெஸ்டன், மூணு மாசமா நீங்க கண்டுபிடிக்காதத இந்தப் பொண்ணு ஒரே வார்த்தைல சொல்லிட்டா."

டீ கொண்டுவந்தவர்கூடச் சிரித்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

எல்லோரும் வெளியே போனதும், பக்கத்து ஹாலில் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எர்த் கம்பியில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். இருநூற்றுப் பத்து வோல்ட். தோல் தேய்க்கிற அந்த மிஷினின் மோட்டாரில் கசிந்த கரண்ட், எர்த் குழி காய்ந்து கிடந்ததால் மண்ணில் இறங்க வழியில்லாமல் கம்ப்யூட்டர் பெட்டிவரை வந்துகொண்டிருந்தது. என்னை ரப்பர் செருப்பும் அவளைப் பெட்டிமேல் இருந்த பெயின்ட்டும்தான் காப்பாற்றியிருந்தன. அவள் சொன்னது சரி. அதற்காகவே அவளை வெறுத்தேன்.

"எர்த் நல்லாத்தான் இருக்குது பாய்," என்றேன். "இந்தப் பொண்ணு உடம்புல ஸ்டேட்டிக் கரண்ட் ஜாஸ்தி. அது தொடறதாலதான் ஹேங் ஆவுது."

படித்தவன் சொன்னால் நம்புகிறார்கள். வேலூர் லாங் பஜாரில் செம்புத் தகடு வாங்கி, அந்த ஸ்டேட்டிக்கை மண்ணில் இறக்க என்று சொல்லி, அவள் மணிக்கட்டுக்கு ஒரு பட்டை செய்தேன். கடையில் விற்கிற பட்டையில் ஷாக் அடிக்காமல் தடுக்க ஒரு சின்ன உறுப்பு இருக்கும். நான் அதை வைக்கவில்லை. பஃபிங் மிஷின் நின்றிருந்த நாளாகப் பார்த்துப் போய், பட்டையை அவள் கையில் மாட்டி, கம்பியால் எர்த்தோடு இணைத்தேன்.

மூன்று நாள் பஃபிங் வேலை இல்லை. கம்ப்யூட்டரும் ஹேங் ஆகவில்லை. தில்ஷாத்தே போன் செய்தாள். "நீங்க சொன்னதுதான் சார் கரெக்ட். தெரியாம பேசிட்டேன், மன்னிச்சிடுங்க."

கேட்க மனம் குளிர்ந்தது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். "பட்டையக் கழட்டிடாதம்மா," என்று சொல்லி வைத்தேன்.

மறுநாள் மிஷின் ஓடும் என்று அதை ஓட்டுகிற காசி முன்பே சொல்லியிருந்தார். காலையில் கம்ப்யூட்டர் அறையை ஈரத்துணியால் துடைப்பார்கள் என்பதும் தெரியும். வேலூரில் என் மேஜையில் போன் இருந்தது. அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பத்தரைக்குக் காசி சுவிட்சைப் போட்டார். தில்ஷாத் அந்த நாற்காலியிலேயே இறந்துபோனாள்.

தெரிந்தே கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் சார், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு புது எர்த் குழி வெட்டினார்கள், மோட்டாரை மாற்றினார்கள். அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் ஒருமுறைகூட ஹேங் ஆகவில்லை. ஹேங் ஆனதெல்லாம் எர்த்தால்தான் என்கிறார் முக்தார் பாய். அந்த நாற்காலியில் இப்போது அவள் இல்லை என்பதை ஒருவரும் யோசித்துப் பார்ப்பதில்லை.