அப்பா படையலில் இருபது நிமிஷம்

கலாதேவி: கேட்டுக்கு வெளியவே நின்னா எப்படிடா மகேந்திரா? உள்ள வந்து பேசு... இல்ல, பேசாத. வா மட்டும்.

மகேந்திரன்: ஒரு வருஷமா என் போனையே எடுக்கலியேக்கா. தொரத்திடுவியோன்னு பயம் லா.

கலாதேவி: அப்பா தெவசத்துக்கு வந்த தம்பிய யாராச்சும் தொரத்துவாங்களா? அது என்ன பையில... பைபிளா?

மகேந்திரன்: வெங்காயம். ரெண்டு கிலோ. பைபிள் கார்ல இருக்கு.

கலாதேவி: ஈப்போவுலேருந்து செமோருக்கு வெங்காயம்! இங்க கடையே இல்ல பாரு.

மகேந்திரன்: உரிச்சுத் தாரேன். சட்டி கழுவுறேன். ஆனா அக்கா...

கலாதேவி: தெரியும். படத்த கும்பிட மாட்ட.

மகேந்திரன்: மாட்டேன். படையல் சோறும் சாப்பிட மாட்டேன். அதுல மாத்தம் இல்ல. எனக்கு இயேசுதான்க்கா...

கலாதேவி: ஆரம்பிச்சிட்டான்!

மகேந்திரன்: ஐயோ, முடிச்சிட்டேன்! போன வருஷம் படையல்ல பேசுனதே பத்து வருஷத்துக்குப் போதும்.

கலாதேவி: இருபது நிமிஷம்டா! தேங்கா ஒடைக்கத் தூக்குன கையோட உங்க மாமா அப்படியே நிக்கிறாரு...

மகேந்திரன்: அப்பாவுக்கு வச்ச ஸ்டவுட் பீர் பாட்டில கூட விடலியே நான். அதுக்கும் சேத்துப் பிரசங்கம். எங்க சபையில எனக்கு மைக்க தொடக்கூட விட மாட்டாங்க. இங்க நாலு பேரப் பாத்ததும் பெரிய பாஸ்டர்னு நெனப்பு!

கலாதேவி: எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்ன. பதினாலு வயசுல ரப்பர் தோட்டத்துல பால் வெட்டப் போயி உன்னப் படிக்க வச்சவடா நானு.

மகேந்திரன்: பைபிள வாசிக்கிற எழுத்தே நீ வாங்கிக் குடுத்ததுக்கா. உன்கிட்டயே போயி... மன்னிச்சிடு.

கலாதேவி: பாஸ்டர் சொல்லி அனுப்புனாரா?

மகேந்திரன்: ஆண்டவரே சொன்னாரு. பதினோரு மாசமா சொல்றாரு. நான்தான் செவிடு மாதிரி இருந்தேன்.

கலாதேவி: சரி சரி, அழாத.

மகேந்திரன்: வெங்காயம் லா.

கலாதேவி: பையையே இன்னும் அவுக்கலடா! வா, அடுப்படிக்கு.

மகேந்திரன்: எல்லாரும் சாப்பிடுறப்ப நான் பின்னால சட்டி கழுவுறேன். பசிச்சா கடையில ரொட்டி சானாய் சாப்பிட்டுக்குவேன்.

கலாதேவி: ரொட்டி சானாயா? அந்த ஓரத்துல மூடி வச்சிருக்கேன் பாரு, தொற.

மகேந்திரன்: கோழிக்கறி, சோறு... படைக்கிறதுக்கா?

கலாதேவி: உனக்கு. படையலுக்கு எடுக்கிறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து வச்சது. போன வருஷமும் இதே மாதிரி வச்சிருந்தேன்டா. சொல்லலாம்னு பக்கத்துலயே நின்னேன்... நீ எங்க வாய மூடுன?