தட்டிப் பார்த்து வாங்கிய வீடு

மதியம் மூன்று மணி. ராத்திரி இல்லை... மதியம். பேய் நடுராத்திரியில்தான் வரவேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. நேரான தார் ரோடு. இரண்டு பக்கமும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள். பெரியவர்கள் வேலைக்குப் போயாச்சு, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ஒரு நாய்கூடக் கிடையாது. அந்த ரோட்டில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. நம்ம கிரேன் ஆபரேட்டர் இருக்கிறார் அல்லவா, அவருடைய தங்கை, தங்கை புருஷன், அவர்களுடைய எட்டு வயது மகள். வாங்குவதற்கு வீடு பார்க்க வந்திருந்தார்கள்.

கிட்டே வாருங்கள், என்னால் கத்திச் சொல்ல முடியாது. கரண்ட் வருகிற வரைக்கும்தான் கதை. வந்துவிட்டால் லோடு ஏற்ற வேண்டும். யாரப்பா அது, டார்ச்சை அணை.

தங்கை புருஷன் டைல்ஸ் மேஸ்திரி. நானூறு வீட்டுக்குத் தரை போட்டவர். தான் குடியிருந்ததெல்லாம் வாடகை வீடு, துடைப்பம் பட்டாலே பெயர்ந்து வரும் சிமெண்ட் தரை. மனைவி பத்து வருஷமாக ஒரே பாட்டு. "ஊருக்கெல்லாம் பளபளன்னு போட்டுக் குடுக்கறீங்க, நம்ம புள்ள மட்டும் புழுதியில உருளணுமா?" அவளைக் குற்றம் சொல்ல முடியாது. யாருக்குத்தான் ஆசை இருக்காது?

வீடு கட்டி ஐந்து வருஷம்தான். ஹாலோடு சேர்ந்த சமையலறை, தள்ளித் திறக்கிற கண்ணாடிக் கதவு, குழந்தைக்கென்று தனியாக ஒரு சின்ன அறை. மனைவி சமையல் மேடையைத் தடவித் தடவிப் பார்த்தாள். மேஸ்திரி சுவரைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. சிமெண்ட் பூசுகிற கரணையை எடுத்துத் திருப்பிப் பிடித்து, கைப்பிடிக் கட்டையால் தட்டக் குனிந்துவிட்டார்.

அது அவர் பழக்கம். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஒவ்வொரு டைலாகத் தட்டிப் பார்ப்பார். டொக் என்றால் அடியில் பசை முழுசாகப் பிடித்திருக்கிறது. டம் என்றால் அடியில் காலி. அப்பனுக்குப் பின்னாலேயே மகளும் ஒரு ஸ்பூனை வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டு வரும். இரண்டு தட்டு, பிறகு ஸ்பூனைத் தரையில் ஒரு இழுப்பு. டொக் டொக்... கிர்ர்ர். வாண்டு என்றுதான் அதைக் கூப்பிடுவார்கள். இவர்கள் தட்டுவதைப் பார்த்து வீட்டுத் தரகர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

சின்ன அறையில், மூலை டைலில், டம்.

மேஸ்திரி மறுபடி தட்டினார். டம். கையை எடுத்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை... அப்புறம் அடியிலிருந்து, டொக்.

தரகர் அவசரமாக போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். போன் அடிக்கவே இல்லை.

நாமாக இருந்தால் செருப்பைக்கூட எடுக்காமல் ஓடியிருப்போம். மேஸ்திரிக்குத் தொழில் தெரியும், அதுதான் வினையாகப் போச்சு. "வெயிலுக்கு டைல் விரியும். பசை விடறப்ப சத்தம் வரும். ஒரே ஒரு டைல்தான், நான் பாத்துக்கறேன்" என்றார். வீட்டை முடித்துவிட்டார்கள்.

குடிவந்த முதல் வாரம். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா, மகள் சின்ன அறையில் குப்புறப் படுத்துப் பேசுவதைக் கேட்டாள்.

"யார்கிட்டடி பேசற?"

"கீழ இருக்கறவங்ககிட்டம்மா. நான் தட்டுனா அவங்களும் தட்டறாங்க."

அன்றைக்கே புருஷனிடம் சொன்னாள். அவர் சிரித்தார். டைல் இடுக்கில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, சிமெண்ட் பாலைக் கரைத்து, புனல் வைத்து ஊற்றினார். ஒரு டம்ளர் கொள்ள வேண்டிய இடம். ஒரு வாளி போச்சு. இன்னொரு வாளி... ஆறு வாளி குடித்தது. அதற்கு மேல்தான் பால் ததும்பி நின்றது. மறுநாள் தட்டினார். டொக். கல் மாதிரி. "இனிமே ஒண்ணும் வராது" என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அதே மூன்று மணி. மேஸ்திரி சின்ன அறை வாசலை அடைத்த மாதிரி ஹாலில் பாயைப் போட்டுப் படுத்திருந்தார். உள்ளே வாண்டு ஸ்பூனால் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டொக் டொக்... கிர்ர்ர். டொக் டொக்... கிர்ர்ர். அப்புறம் டம்.

அதோடு நின்றுவிட்டது.

அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள். புருஷனைத் தாண்டி உள்ளே போய்ப் பார்த்தாள். மூலை டைல் மேல் ஸ்பூன் கிடந்தது. ஜன்னலில் இரும்புக் கம்பி. அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. பிள்ளையைக் காணோம்.

அந்தத் தெருவே தேடியது. எதிர்வீட்டு கேமராவில் பார்த்தால், யாரும் வெளியே போகவில்லை. போலீஸ்காரர்களுக்கு வேறு மாதிரி சந்தேகம். சிமெண்ட் ஊற்றிய அப்பன், காணாமல் போன பிள்ளை... உங்களுக்கும் அப்படித் தோன்றுகிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அவர்களே வந்து உடைத்தார்கள். டைலுக்கு அடியில் காய்ந்த சிமெண்ட் அரை டம்ளர் தேறும். அதற்குக் கீழே கான்கிரீட். அதற்கும் கீழே மண், கெட்டி மண். ஊற்றிய ஆறு வாளி எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. மேஸ்திரியை நாலு நாள் உட்கார வைத்துக் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

"அப்பவே வீட்ட காலி பண்ணியிருக்கலாம்ல?" என்கிறாயா? பண்ணத்தான் பார்த்தார்கள். சாமான் கட்டியாச்சு, வண்டி வாசலில் நிற்கிறது. அப்போது ஹால் தரையில்... டொக் டொக். கிர்ர்ர்.

அப்பன், ஆத்தா இரண்டு பேருக்கும் கேட்டது. வண்டியை அனுப்பிவிட்டார்கள்.

மேஸ்திரி உளியை எடுத்தார். சத்தம் வந்த இடத்தை உடைத்தார், இடுப்பளவு தோண்டினார். மண்தான். சத்தம் சமையலறைக்குப் போனது. அங்கே தோண்டினார். படுக்கையறைக்குப் போனது. அத்தனை ஆசையாக வாங்கிய தரையை அந்த மனுஷன் தன் கையாலேயே பெயர்த்துப் போட்டார். ஒரு மாசம் வேலைக்குப் போகவில்லை. நகம் பெயர்ந்து, உள்ளங்கை கிழிந்து, துணியைச் சுற்றிக்கொண்டு அடித்தார். முதலில் சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

நம்ம கிரேன் ஆபரேட்டர் போனார், தங்கையையாவது கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று. வீட்டுக்குள் நடக்க இடமில்லை, பலகை போட்டுத்தான் போக வேண்டும். தங்கை ஒரு பள்ளத்து ஓரமாக உட்கார்ந்து ஸ்பூனால் தட்டிக்கொண்டிருந்தாள். தலை வாரி எத்தனை நாள் ஆச்சோ.

"வாம்மா, நம்ம வீட்டுக்குப் போலாம். நீயும் போய்ச் சேர்ந்துடாத" என்றார்.

"எப்படிண்ணா வருவேன்? அவ தட்டறப்ப நான் பதில் தட்டலைன்னா, அம்மா விட்டுட்டுப் போயிட்டான்னு நினைச்சுக்குவா."

முப்பது டன் இரும்பை அசால்ட்டாகத் தூக்குகிற ஆள், அப்படியே நின்று அழுதாராம்.

"மச்சான், இங்க வாங்க." உள்ளேயிருந்து மேஸ்திரி கூப்பிட்டார்.

வீடு முழுக்க உடைத்து, ஒரே ஒரு டைல் பாக்கி. குளியலறை வாசலில். மேஸ்திரி இந்தத் தடவை உடைக்கவில்லை. உளியை ஓரத்தில் நுழைத்து மெதுவாக நெம்பினார். டைல் கையோடு வந்துவிட்டது. ஐந்து வருஷத்துக் காய்ந்த பசை அப்படி வராது. அடியிலிருந்து ஈர சிமெண்ட் வாசனை குப்பென்று அடித்தது.

டைலைத் திருப்பினார். அடிப்பக்கத்தில் பசை, இப்போதுதான் பூசிய மாதிரி ஈரமாக இருந்தது.

"மச்சான், நாங்க பல்லு வச்ச கரணையாலதான் பசைய இழுப்போம். கோடெல்லாம் ஒரே அளவா இருக்கும். இதப் பாருங்க."

கோடுகள் ஒரே அளவில் இல்லை. நாலு கோடு... மெல்லிசாக, கோணல்மாணலாக. விரலால் இழுத்தது. எட்டு வயதுப் பிள்ளையின் விரல்.

அந்த நாலு கோட்டின் மேலேயே, பிள்ளையின் கையைப் பிடித்து எழுதப் பழக்குவார்களே, அந்த மாதிரி இன்னொரு கைத்தடம் கூடவே போயிருந்தது. விரல் ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம்.

மேஸ்திரி டைலை எட்டப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். கிரேன் ஆபரேட்டர் பலகையில் தடுக்கி விழுந்து வாசலுக்கு ஓடப் பார்த்தார். தங்கை மட்டும் டைலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பெரிய தடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஒரு மாசத்துக்குப் பிறகு அவள் முகத்தில் முதல் தடவையாக நிம்மதி வந்ததாம்.

"என்னங்க... அவ தனியா இல்லைங்க" என்றாள்.