பாவனையில் இல்லாத பகுதி

எங்கள் தொண்டு நிறுவன அலுவலகத்தில் ஏசி பொருத்திய அறை ஒன்றுதான். அது என்னுடையது. எனக்காகப் பொருத்தவில்லை, சேர்வருக்காகப் பொருத்தியது. ஆனாலும் கிளிநொச்சி வெயிலில் பணிப்பாளரே ஏதாவது காரணம் சொல்லிக்கொண்டு அங்கே வந்து உட்காருவார். எனக்கு ஒரு மரியாதை இருந்தது என்பதை நீங்கள் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

சேர்வரில் நடந்ததை விசாரிக்கக் கொழும்பிலிருந்து வந்திருக்கிறீர்கள். கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வேன்.

சேர்வர் ஒன்று. அதற்குள் மூன்று கணினிகள் தனித்தனியாக இயங்குவதுபோல மூன்று பிரிவுகள். எங்கள் தொழிலில் அவற்றை விருந்தாளிகள் என்போம். கணக்குப் பகுதிக்கு ஒன்று, விளம்பரத்துக்கு ஒன்று, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் பேசிய ஒலிப்பதிவுகளுக்கு ஒன்று. எதற்கு எவ்வளவு டிஸ்க் இடம் என்று திட்டமிட்டது நான். கூட்டத்தில் எல்லோரும் நிறையக் கேட்டார்கள். எல்லோருக்கும் ஓம் என்றேன். உண்மையில் இருந்தது அதில் பாதிதான். ஒவ்வொரு விருந்தாளிக்கும் பெரிய டிஸ்க் இருப்பதுபோலக் காட்டிவிட்டால், நிரம்பும்வரை ஒருவருக்கும் தெரியாது. உலகமெங்கும் செய்கிற முறை. நிரம்புமுன் புது டிஸ்க் வாங்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. வாங்கக் கேட்டால் என் திட்டம் பிழை என்றாகிவிடும். பணிப்பாளர் அதைப் பாராட்டிப் பேசியிருந்தார்.

நிரப்பியது சுகிர்தன். விளம்பரப் பகுதி அவரிடம். மாங்குளத்தில் ஒரு விதவைக்கு ஆடு கொடுத்தால், அந்த ஆட்டை ட்ரோனில் ஒருமுறை, தரையில் ஒருமுறை, மெதுவாக நடக்கவிட்டு ஒருமுறை எடுப்பார். நாங்கள் கொடுத்த ஆடுகளைவிட எடுத்த ஆடுகள் அதிகம்.

கௌசலா வேறு மாதிரி. ஸ்கூட்டியில் கண்டாவளை, முல்லைத்தீவுக் கரை என்று போய், தாய் தகப்பன்மாரைப் பேசவிட்டுப் பதிந்துகொண்டு வருவாள். பாதி நேரம் அவர்கள் ஒன்றும் பேசுவதில்லை. அதையும் வெட்டமாட்டாள்.

"அதுவும் அவையின்ரை கதைதான் அண்ணா," என்பாள்.

மௌனத்துக்கும் டிஸ்க்கில் இடம் வேண்டும் என்பது அவளுக்கு விளங்கவில்லை.

ஆண்டு விழாவன்று காலை, டிஸ்க் நிரம்பப்போகிறது என்று எச்சரிக்கை வந்தது. நிரம்பினால் மூன்று பிரிவும் ஒன்றாக உறைந்துபோகும். மேடையிலோ சுகிர்தனின் படம் ஓட வேண்டும், முன்வரிசையில் எங்களுக்குப் பணம் தரும் வெளிநாட்டுக்காரர். கணக்கை அழித்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். படத்தை அழித்தாலும் அப்படித்தான். ஒலிப்பதிவுகளை யாரும் மாதக்கணக்கில் திறக்கவில்லை. பாவனையில் இல்லாத பகுதி. அழித்து, அந்த இடத்தை விளம்பரத்துக்கு எடுத்துக் கொடுத்தேன். பிரதி இல்லையா என்கிறீர்கள். இருந்தது. அதே டிஸ்க்கில் இருந்தது. அதையும் சேர்த்துத்தான் அழிக்க வேண்டியிருந்தது.

விழா நன்றாக நடந்தது. திரையில் ஆடு நடந்தபோது பலர் கண்ணைத் துடைத்தார்கள்.

பிறகு ஒருநாள் கௌசலா ஜெகதீஸ்வரி அம்மாவைக் கூட்டிவந்தாள். கண்டாவளைக்காரர். கணவர் அப்புத்துரை சற்று முன்னர்தான் காலமாகியிருந்தார். யுத்தம் முடிந்த நாட்களில் மகனைப் படையினரிடம் சரணடையக் கொண்டுபோய் விட்டவர் அவர் என்றுதான் ஊரில் கதை. மகன் திரும்பவில்லை. அன்றிலிருந்து அம்மா கணவரோடு முகம்கொடுத்துப் பேசியதில்லை.

"தான் பதிஞ்சு வைச்சதைப் போய்க் கேள் எண்டு ஆஸ்பத்திரியிலை வைச்சுச் சொன்னவர், தம்பி. எனக்குத்தானாம் சொன்னது. ஒருக்காப் போட்டு விடுங்கோ."

அதில் என்ன இருக்கிறது என்று கௌசலாவுக்கும் தெரியாது. பதியும்போது அப்புத்துரை அவளை வெளியே இருக்கச் சொல்லியிருந்தார். பிறகும் அவள் அதைத் திறந்து கேட்கவில்லை.

நான் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தேன். "எல்லாம் அழிஞ்சு கிடக்கு அம்மா. கௌசலாவின்ரை பேரிலைதான் உள்ளுக்குப் போய் அழிச்சிருக்கு," என்றேன்.

அது பொய்யில்லை. அவளுடைய கடவுச்சொல்லைப் போட்டுத்தான் அழித்திருந்தேன்.

"நான் தொடேல்லை அண்ணா. சத்தியமா நான் தொடேல்லை."

அம்மா அவளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டார். "பிள்ளையை ஏசாதேங்கோ தம்பி. அவள் வேணுமெண்டு செய்வாளே?"

அந்த வாரமே கௌசலாவை வேலையால் நிற்பாட்டினார்கள். திறமையான பிள்ளை. அவளை மரியாதையாக அனுப்பும்படி பணிப்பாளரிடம் பரிந்து பேசியதும் நான்தான்.

அழிக்குமுன் எதையாவது திறந்து பார்த்தேனா என்று கேட்கிறீர்கள். பார்த்தேன். பொறுப்புள்ளவன் சரிபார்க்காமல் அழிப்பதில்லை. தற்செயலாகத் திறந்தது அப்புத்துரையுடையது. முழுவதையும் கேட்டேன்.

"நான் அவனைக் கொண்டுபோய் விடேல்லை, ஜெகதீஸ். மறிச்சனான். என்ரை கையை உதறிப்போட்டுப் போனவன். 'நான் போகாட்டி உங்களைக் கொண்டுபோவினம் அப்பா, அம்மாவைத் தனிய விடாதேங்கோ' எண்டவன். உயிரோடை இருந்து சொன்னால், தப்பப் பாக்கிறன் எண்டு நினைப்பாய். அதாலை நான் போனாப்பிறகு கேள்."

அம்மாவிடம் இதை ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, "ஒண்டுமே மிஞ்சேல்லையோ தம்பி?" என்று அவர் திரும்பிக் கேட்டபோது சொல்லியிருக்கலாம்தான். ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம். ஆனால் ஒருவர் அந்தரங்கமாகப் பேசியதை இன்னொருவருக்கு வெளியிடுவது எங்கள் தகவல் பாதுகாப்பு விதிகளுக்கு முரண். அந்த விதிகளை எழுதியவன் நான். ஒருநாளும் மீறியதில்லை.